நான் அனுப்பாத வண்டி

ஓய்வு பெற்றபின் என்னிடம் யாரும் பிரசவம் பார்த்ததைப் பற்றிக் கேட்பதில்லை. ஊசி போட்டதைப் பற்றியும் கேட்பதில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் போன் செய்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "சிஸ்டர், அந்த வாட்ஸ்அப் குரூப்பை எப்படி நடத்தினீங்க? எங்க குரூப்ல யாரும் வாயே தொறக்க மாட்டேன்றாங்க. தொறந்தா சண்டைதான்."

"பயந்து பயந்து நடத்தினேன்" என்பேன். சிரிப்பார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் கணவரைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார். நிஜமாகவே பயந்துதான் நடத்தினேன். எதற்குப் பயந்தேன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் போளூர்ப் பக்கத்துக்காரி. வேலூரில் பயிற்சி, அமிர்திப் பக்கம் முதல் வேலை, பிறகு ஜவ்வாது மலை மேல் கிராம சுகாதாரச் செவிலியர். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொம்மையின் கையில் கட்டுப் போட்டுப் பழகினோம். மலைக்கு வந்தபின் உதைக்கிற, கடிக்கிற, ஓடி மரத்தில் ஏறிக்கொள்கிற பிள்ளைகளிடம் முதலிலிருந்து பழகினேன். அவ்வளவுதான்.

குரூப் தொடங்கியது ஊரடங்குக் காலத்தில். எங்கள் மலையில் பாதி அப்பாக்கள் குடகில் காபித் தோட்டத்திலோ கேரளத்தில் மிளகுத் தோட்டத்திலோ இருப்பார்கள். அம்மாவும் சேர்ந்து போய்விட்டால் பிள்ளை உறவுக்காரர் வீட்டில் வளரும். எல்லோரும் அங்கங்கே மாட்டிக்கொண்டபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள பெற்றோர் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்தேன். எழுத்து பலருக்கு ஆகாது. அதனால் எல்லாமே குரல் பதிவுதான். கேள்வியும் குரல், பதிலும் குரல்.

மலையில் எல்லா இடத்திலும் டவர் கிடைக்காது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாறையோ மேடோ இருக்கும்; அங்கே ஏறி நின்றால்தான் கிடைக்கும். டவர்ப் பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் யாராவது ஒருவர் ஏறிப் போவார். குரூப்பில் வந்த குரல்களை ஸ்பீக்கரில் போடுவார். சுற்றி உட்கார்ந்து ஊரே கேட்கும். ஒரு தாய்க்கு நான் சொன்ன பதிலை அந்த ஊரின் கிழவர், மாடு மேய்ப்பவர், கல்யாணமாகாத பையன்கள் எல்லோரும் கேட்டு முடித்திருப்பார்கள். ஒருமுறை ஓர் அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டதற்கு நான் வைத்தியம் சொல்லப்போக, அந்தப் பெண் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு விதிகள் வந்தன. ஒரு குரலில் ஒரு விஷயம்தான். பெண்கள் சமாசாரம் என்றால் "வூட்டுக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்வேன், அவர்களுக்குப் புரிந்துவிடும். சாமி படம் கூடாது, காலை வணக்கம் கூடாது, கட்சிப் பேச்சு கூடவே கூடாது. நான் சொன்னதைக் கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "உப்புச் சக்கரத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும், ஒரே அடியா குடுக்கக் கூடாது, சரிதானே நர்சம்மா?" என்று பதில் வந்தால்தான் நான் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

இந்த விதிகளில் பாதி என்னுடையவை அல்ல. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் தேவகி மேடம் போட்டவை. மேடம் குரூப்பில் சேரவே இல்லை. சேருங்கள் என்றால், "நான் சேர்ந்தா என்னைத்தான் கேட்பாங்க சிஸ்டர். உங்களைக் கேட்கட்டும். நான் உங்களைக் கேட்கிறேன்" என்பார். அப்படித்தான் கேட்டார். முதல் சில மாதங்களில் நான் போட்ட ஒவ்வொரு குரலையும் தன் மேஜைக்கு முன்னால் ஓடவிடச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை யாருக்குச் சொன்னீங்க? அவங்க எங்க இருந்து கேட்டிருப்பாங்க? கேட்டுட்டு முதல்ல என்ன செய்வாங்க?" என்பார். குரல் உயராது. திட்டினாலாவது பதிலுக்கு முனகலாம். அந்த மூன்று கேள்விக்கு முனகவும் முடியாது. பேனா மூடும் சத்தம் கேட்டாலே, அந்தக் குரலை மறுபடி எப்படிப் பேசுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

ஆனால் குரூப் வளர்ந்தது. குடகிலிருந்து அப்பாக்கள் பிள்ளையின் எடையைக் கேட்டார்கள். தடுப்பூசி நாளுக்கு நான் சொல்லாமலே பிள்ளைகள் வந்து நின்றார்கள். என் குரல் போனில் வந்தால் அழுகிற குழந்தைகூட நிறுத்திவிடுகிறது என்று ஒரு தாய் சொன்னாள். அது ஊசிக்குப் பயந்துதான் இருக்கும் என்றேன். உள்ளுக்குள் பெருமைதான். ஊரில் மாமியார் சொன்னால் கேட்காதவள், நான் சொன்னால் கேட்டாள். அதில் பயப்பட ஏதாவது இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

அது ஒரு புதன்கிழமை. புதன் என்றால் தடுப்பூசி. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் ஊசி போட்டுவிட்டு, மருந்துப் பெட்டியோடு நிலையத்து ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் டவர் சுத்தமாகக் கிடையாது. ஓட்டுநர் ஏழுமலை ஏதோ அரசியல் பேசிக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் டவர் கிடைத்ததும் போன் மடியில் துள்ளத் தொடங்கியது. காலையிலிருந்து சேர்ந்த குரல்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. எப்போதும் கடைசிக் குரலிலிருந்துதான் கேட்பேன். பிரச்சினை முடிந்துவிட்டதா என்று அதில் தெரிந்துவிடும்.

கடைசிக் குரல் சேட்டுவுடையது. பலாக்கொல்லைக்காரர், குடகில் வேலை. மனைவி பவுனும் மகள் கீர்த்தியும் ஊரில்.

"நர்சம்மா, ரொம்ப நன்றிம்மா. நீங்க சொன்ன மாதிரியே பவுனு கொழந்தைய எங்கயும் தூக்கினு போவாம வூட்லயே வெச்சினு கீறா. வண்டி எப்போ வரும்னு மட்டும் சொல்லுங்கம்மா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எப்போது சொன்னேன்? எந்த வண்டி? மேலே தள்ளி, அதற்கு முந்தைய குரல்களைக் கேட்டேன். காலையில் சேட்டு அழுதபடி பேசியிருந்தார். "நர்சம்மா, கீர்த்திக்குத் தேள் கொட்டிச்சாம். வெறகு எடுக்குறப்போ கைல கொட்டிச்சாம். செவப்புத் தேளாம். பவுனு பாறை மேல ஏறி போன் பண்ணி அழுவுறா. இன்னா பண்றதும்மா?"

அதற்கு அடுத்த குரலை ஓடவிட்டேன். என் குரல்தான் வந்தது.

"பயப்படாதீங்க. கடிச்ச எடத்த ஆட்டாதீங்க. புள்ளயத் தூக்கினு மலை எறங்காதீங்க. படுக்க வெச்சி வூட்லயே இருங்க. வண்டி கெளம்பிடுச்சி. நான் வர்றேன்."

என் குரல், என் பேச்சு, என் மூச்சிரைப்புகூட. இன்னொரு முறை ஓடவிட்டேன். நான் இதை இன்று சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணம், சொல்லிவிட்டு மறந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. பிறகுதான் அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். காசி.

காசி வேறு ஊர்க்காரர். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் மகனைப் பாம்பு கடித்தபோது நான் அவருக்குப் பதில் சொல்லிப் போட்ட குரல் அது. அன்று வண்டி உண்மையிலேயே கிளம்பியிருந்தது, பையன் பிழைத்தான். அந்தக் குரலை அவர் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார். சேட்டு அழுவதைக் கேட்டதும், என் மகனைக் காப்பாற்றியது இதுதான் என்று எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். வேறிடத்திலிருந்து எடுத்து அனுப்பியது என்று காட்டும் சின்ன எழுத்தும், அனுப்பியவர் பெயரும் திரையில் இருக்கத்தான் செய்தன. ஆனால் எங்கள் குரூப்பில் யார் பேசுகிறார் என்பதைப் பெயரைப் பார்த்தா தெரிந்துகொள்வார்கள்? குரலை வைத்துத்தான். சேட்டு கேட்டார், என் குரல் பதில் சொன்னது. அவர் வேறு எதை நினைப்பார்?

பாம்புக்கடிக்குச் சொன்னதைத் தேளுக்குச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். சிவப்புத் தேள் கொட்டிய சின்னப் பிள்ளைக்கு நேரம்தான் உயிர். முதலில் வலி, வாந்தி, வியர்வை. பிறகு கைகால் ஜில்லிடும், நெஞ்சு படபடக்கும், மூச்சு இழுக்கும். உரிய மாத்திரையைச் சீக்கிரம் கொடுத்தால் பிள்ளை எழுந்து உட்காரும். மாத்திரை நிலையத்தில் இருக்கிறது. பிள்ளை வீட்டில் இருக்கிறது. நான் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேடத்துக்குப் போன் போட்டேன். உளறினேன். "சிஸ்டர், நிறுத்துங்க" என்றார். "பிள்ளை எங்க? எப்போ கொட்டிச்சு? கூட யாரு இருக்காங்க?" சொன்னேன். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தை ஏற்றிக்கொண்டு போளூருக்கு இறங்கியிருந்தது. "நீங்க அங்கிருந்தே போங்க. பிள்ளையை உட்கார்ந்த மாதிரி சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு வாங்க, படுக்க வைக்காதீங்க. நான் மருந்தோட ரோட்டு வழியா எதிர்ல வர்றேன்." பிறகு ஒரு நொடி நிறுத்தி, "பழைய குரல் அங்க இருக்கு சிஸ்டர். அதை முதல்ல மாத்துங்க" என்றார்.

எப்படி மாற்றுவது? பலாக்கொல்லையிலிருந்து கீழே வர ஒற்றையடிப் பாதை ஒன்று, வண்டிப் பாதை ஒன்று. கிளம்புங்கள் என்று சொன்னால் காட்டு வழியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நான் ரோட்டில் போய் ஆளில்லாத வீட்டைப் பார்ப்பேன். இருங்கள் என்று சொன்னால் அந்தப் பழைய பொய்யை நானே இன்னொரு முறை சொல்வதாகும். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், இறக்கினேன், மறுபடி கொண்டுபோனேன். ஏழுமலை வண்டியைத் திருப்பிவிட்டு என்னையே பார்த்தார்.

"சொல்லுங்க சிஸ்டர். நாம போறமா இல்லையா?"

"போறோம்."

"அப்போ அதையே சொல்லுங்க."

சொன்னேன். "இன்னைக்குப் புதன்கிழமை. பலாக்கொல்லை பவுனுக்கு நான் இப்போ பேசுறேன். காத்தால கேட்டது பழைய குரல். இப்பத்தான் ஜீப் கெளம்புது. புள்ளய ஒக்கார வெச்சிப் புடிச்சிக்கினு ரோட்டுக்கு வந்து நில்லு. காட்டு வழியா எறங்காத." அனுப்பினேன். பவுனுவின் எண்ணுக்கும் தனியாக அனுப்பினேன்.

அதில் ஒற்றை டிக் விழுந்தது. அவள் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சேர வேண்டுமானால் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஏற வேண்டும். காலையில் பாறையிலேயே பதிலைக் கேட்டுவிட்டு, வண்டி வருகிறது என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவள் எதற்குப் பாறை ஏறுவாள்?

மறுபடி டவர் போகும்வரை அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ பிரசவத்தில் பயந்திருக்கிறேன். அங்கே கை வேலை செய்யும், பயம் பின்னால்தான் வரும். இங்கே கைக்கு வேலை இல்லை. கீர்த்தி செத்துப்போனால் பவுனு என்ன நினைப்பாள்? நர்சம்மா வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பவில்லை என்றுதானே? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையைத் தேள் கொன்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள், என் குரல் கொன்றது என்பார்கள், அது சரியாகவும் இருக்கும் என்று நினைத்தேன். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க" என்பது மட்டும்தான் வந்தது. ஏழுமலை அரசியலை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் வண்டி ஓட்டி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பலாக்கொல்லையில் ரோட்டோரம் யாரும் இல்லை. வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நிதானமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஓடி வரவில்லை, யாரும் அழவில்லை. அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் கூடியது. தாமதமாக வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பவுனு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம், "நான் சொல்லல? நர்சம்மா வந்துருவாங்கன்னு" என்றாள்.

கீர்த்தி பாயில் கிடந்தாள். பாவாடை வியர்வையில் நனைந்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. நாடி என் விரலுக்கு அகப்படாமல் ஓடியது. மூச்சு மேல்மேலாக வாங்கினாள், ஆனால் கண் திறந்துதான் இருந்தது. அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே ஓடினேன். புளி உடைத்துக்கொண்டிருந்தவள் பின்னாலேயே வந்தாள்.

"சந்தைக்குப் போற ஜீப்பு காத்தாலயே இங்க நின்னுச்சி நர்சம்மா. கொழந்தைய ஏத்துங்க, எறக்கி வுட்றேன்னு அந்த டைவரு எவ்ளோ சொன்னான். பவுனு தான் வேணாம்னுட்டா. நர்சம்மா தூக்கினு போவாதன்னு சொல்லிக்கீறாங்க, அவுங்க வண்டி வருதுன்னுட்டா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

பவுனுவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில் மேடம் எதிரே வந்தார். நிலையத்துப் பணியாளர் ஒருவரின் பைக்கில், புடவையைச் சுருட்டிப் பிடித்தபடி, தோளில் பையோடு உட்கார்ந்திருந்தார். ஜீப் நிற்பதற்குள் கதவைத் திறந்து ஏறினார். மாத்திரையைப் பொடித்துக் கரண்டியில் கரைத்துக் கீர்த்தியின் கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அவள் வாந்தி எடுத்துவிடுவாளோ என்று நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். எடுக்கவில்லை. "ஏழுமலை, இனிமே மெதுவாப் போங்க. நிறுத்தாமப் போங்க" என்றார் மேடம். நிலையத்தில் ஆக்ஸிஜன் வைத்து, அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினோம். அடுத்த நாள் சாயங்காலம் வேலூரிலிருந்து பவுனு போன் செய்தாள். கீர்த்தி இட்லி கேட்கிறாளாம். போனை வைத்துவிட்டு, மருந்து வைக்கும் அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. என் எதிரில் உட்கார்ந்து அந்தப் பழைய குரலை ஒருமுறை ஓடவிடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். பேனா அன்று கையில் இல்லை.

"இதுல தப்பா ஒரு வார்த்தைகூட இல்ல சிஸ்டர். அன்னைக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. ஆனா குரலைக் கேட்டு அதோட வயசு தெரியாதே."

அன்றிலிருந்து எங்கள் குரூப்பில் எந்தக் குரலும் தேதியும் கிழமையும் ஊரும் பிள்ளை பெயரும் சொல்லித்தான் தொடங்கும். சொல்லாமல் வந்தால் பாறையில் போடும் ஆளே நிறுத்திவிட வேண்டும். நர்சம்மா குரலை வேறு யாரும் எடுத்துப் போடக்கூடாது. காசியிடம் தனியாகப் பேசினேன். மனிதர் விக்கி விக்கி அழுதார். "என் புள்ள பொழைச்சதும்மா, அதான் அழிக்கல" என்றார். அவர் எதிரிலேயே அந்தக் குரலை அழிக்க வைத்தேன். மற்றவர்களையும் அழிக்கச் சொன்னேன். ஆனால் எத்தனை பேர் அழித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? குடகிலும் கேரளத்திலும் எந்தெந்தப் போனில் என் குரல் எதைச் சொல்லிக்கொண்டு கிடக்கிறதோ. நான் ஓய்வு பெற்று வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு பாறையில் வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்தால் கை நின்றுவிடுகிறது.

இளம் பெண்களுக்கு இந்த விதிகளை எல்லாம் சொல்லிவிடலாம். எழுதியும் கொடுக்கலாம். சொல்ல வராதது பலாக்கொல்லைக்கு நான் மறுபடி போன நாள்தான்.

கீர்த்தி தேறி வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன். கையில் கொட்டிய இடத்தைக் காட்டினாள், ஊசி எடுத்துவந்திருக்கிறேனா என்று பையை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனாள். பவுனு எனக்குச் சாமைக் கஞ்சி கொடுத்தாள். குடிக்காமல் அவளைக் கேட்டேன்.

"புள்ளைக்கு மூச்சு இழுத்தத நீ பாத்த இல்ல? கை ஜில்லுனு ஆனது தெரிஞ்சிது இல்ல?"

"தெரிஞ்சிது நர்சம்மா."

"சந்தை ஜீப்பு வாசல்ல நின்னுச்சி. நான் வராமப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வூட்லயேதான் இருந்திருப்பேன். நீங்கதானே இருக்கச் சொன்னீங்க."

கஞ்சியைக் கீழே வைத்தேன். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"பவுனு, நல்லாக் கேட்டுக்கோ. நான் இன்னா சொன்னாலும் சரி, என் குரல்லயே வந்தாலும் சரி, உன் கண்ணால புள்ளயப் பாரு. புள்ளைக்கு முடியலன்னா நான் சொன்னதத் தூக்கிப் போட்டுட்டுக் கெளம்பிடு. என்னை அப்பிடியே நம்பாத. புரிஞ்சிதா? திருப்பிச் சொல்லு."

பவுனு குரூப்பில் சொல்வது போலவே, ஒரு வார்த்தை பிசகாமல், எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சிரித்தாள்.

"அப்பிடியே செய்றேன் நர்சம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."